கூட்டுக் கிணறும் கணிப்பொறி நினைவகமும்



கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை முறையாகப் பெய்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும் கம்பும் உண்டு. பெய்யாவிட்டால் வெடித்த நிலமும் வேலிக்காத்தானுந்தான் உண்டு. இப்படிப்பட்ட பூமியில் கிணறு வெட்டுவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறிய செலவு. ஆகவே அண்ணன் தம்பியரும் பங்காளிகளும் சேர்ந்து ஒரே கிணற்றை வைத்துக்கொண்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது வழக்கம். கமலை இறைத்த காலத்திலும் இவ்வழக்கம் இருந்தது. மின்சார மோட்டார் வந்த பின்னும் இருக்கிறது.

இப்பொழுது ஒரு கணக்கெடுப்பாளர் அந்த ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பங்காளிகளின் வீட்டுக்கும் போகிறார். “உங்களுக்குக் கிணறு உண்டா?” என்று கேட்கிறார். நால்வரும் “உண்டு” என்கின்றனர். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், அவர் தம் நோட்டுப் புத்தகத்தில் உள்ள வரிசையைக் கூட்டிப் பார்க்கும்பொழுது நான்கு கிணறுகள் என்று வருகின்றது. புஞ்சையில் போய்ப் பார்த்தால் இருப்பது ஒன்றே. தனித்தனியே மெய்யான நான்கு விடைகள் கூடி ஒரு பொய்யான தொகையாகிவிட்டன.

இதே தவற்றை நானும் ஒரு முறை செய்தேன். கிணற்றில் அன்று, கணிப்பொறியில். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். இரண்டு கணங்களின் உறுப்புகளைக் கூட்டும்பொழுது பொதுவானவற்றை ஒரு முறை கழிக்க வேண்டும் என்று வெண்படம் வரைந்து வரைந்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது எனக்குச் சமயத்தில் உதவவில்லை.

நடந்தது 2013ஆம் ஆண்டு. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ லினக்ஸ் என்னும் இயக்க முறைமையும் இருந்தது. இது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. நான் அப்பொழுது தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் அந்த லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் அதிலேயே குடியிருந்தாள். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் பெற்றோரின் மகள்.

மாவட்ட அறிவியற் கண்காட்சிக்கென்று அவள் ஒரு நிரல் எழுதி வந்தாள். தமிழ்ச் சொற்களையும், அவற்றின் வேற்றுமைத் திரிபுகளையும் வினைத் திரிபுகளையும் கொண்ட பெரும் பட்டியல் ஒன்றை முதலில் நினைவகத்தில் ஏற்றிக்கொள்வது. பின்னர் ஒரு நூலின் எட்டு அத்தியாயங்களை எட்டுச் செயல்முறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, பட்டியலில் இல்லாத சொற்களைப் பிழையென்று காட்டச் செய்வது. இவ்வளவே அந்த நிரலின் வேலை.

நான் பரிசோதனைக்கு உட்கார்ந்தேன். ‘டாப்’ என்னும் கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளை எல்லாம் வரிசையாகக் காட்டும். அதில் அவளுடைய நிரலின் பெயர் ஒன்பது வரிகளில் இருந்தது: தாய்ச் செயல்முறை ஒன்று, சேய்கள் எட்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் ஏறக்குறைய 300 மெகாபைட் என்று இருந்தது. கேட்பதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு எண்களைச் சற்றே முழுமையாக்கிச் சொல்கிறேன். ஒன்பது முந்நூறு இரண்டாயிரத்து எழுநூறு. அந்தக் கணினியின் மொத்த நினைவகமோ 2048 மெகாபைட். “ஏம்மா, இருப்பதற்கு மேல் விழுங்குகிற நிரலை எப்படிக் கண்காட்சிக்கு அனுப்புவது?” என்றேன்.

“சார், அவ்வளவு ஆகியிருந்தால் மிஷினே நின்று போயிருக்குமே?” என்றாள் அவள்.

“மீதியை வட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கும்” என்றேன். அவள் உடனே வட்டு மாற்றிடத்தின் அளவைக் காட்டினாள், அது பூச்சியம். அதன்பின், நிரலைத் தொடங்குமுன் மொத்தப் பயன்பாடு எவ்வளவு, தொடங்கிய பின் எவ்வளவு என்று தான் குறித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். வேறுபாடு 474 மெகாபைட்தான். எனக்கோ கண்முன் ஒன்பது வரிகள் இருந்தன. கணிப்பொறி ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தார். “பகிர்வு என்று தனி நிரல் ஒன்று இருக்கிறதே, அதைக் கழித்துப் பார்க்கலாம்” என்று அவர் நியாயமாகவே சொன்னார். அதில் 3 மெகாபைட் என்றிருந்தது. 297ஐ ஒன்பதால் பெருக்க 2673. இன்னும் 2048க்கு மேல்தான். எனக்கு அது போதுமானதாயிற்று. பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, நீரியல் அழுத்தி செய்து வந்த ஒரு பையனின் பெயரை எழுதினேன். அந்தத் தாளை அவள் என் மேசையிலேயே விட்டுச் சென்றாள்.

அவள் சொன்னதே சரி. எப்படியென்று இப்பொழுது பார்ப்போம்.

யூனிக்ஸ் என்பது 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய இயக்க முறைமை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அதன் வழிவந்தது. இக்குடும்பத்தில் ஒரு புதிய செயல்முறையைப் பிறப்பிக்கும் வழிக்கு ‘ஃபோர்க்’ என்று பெயர். ஃபோர்க் என்றால் கவை. மரக்கொம்பு கவைவிட்டு இரண்டாகப் பிரிவதுபோல், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை தன்னைப் போலவே அச்சாக இன்னொன்றை ஈன்றுவிட்டு, இரண்டுமாகத் தொடர்ந்து ஓடும். இக்கருத்தை 1963இல் மெல்வின் கான்வே ஒரு கட்டுரையில் வெளியிட்டார். முதல் யூனிக்ஸில் இவ்வேலையைச் செய்ய 27 வரி நிரலே தேவைப்பட்டது என்று ரிட்சி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சிறிய கருவிதான், ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது.

அச்சாக இன்னொன்று என்றால், தாயின் நினைவகம் முழுவதையும் சேய்க்குப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டுமே? ஆதியில் அப்படித்தான் செய்தார்கள். செயல்முறைகள் சிறியனவாக இருந்த காலத்தில் அது பாரமாக இல்லை. பெரியனவான பின் அது வீண் என்று பட்டது. ஏனெனில், சேய் பெரும்பாலானவற்றைப் படிக்குமே அல்லாது மாற்றாது.

ஒரு வகுப்பில் ஒன்பது மாணவர்கள், பாடப்புத்தகம் ஒன்றே என்று எண்ணிக்கொள்ளுங்கள். படிப்பதற்கு மட்டுமானால் ஒரு புத்தகமே போதும். ஆனால் ஒருவன் நாற்பதாம் பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடிட விரும்புகிறான். உடனே ஆசிரியர் தடுத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படி எடுத்து அவன் கையில் கொடுத்து, “இதில் எழுதிக்கொள், மற்றப் பக்கங்களைப் பொதுப் புத்தகத்திலேயே படி” என்கிறார். லினக்ஸின் கெர்னல் என்னும் கருப்பகுதி செய்வதும் இதுவே. அதுவும் நினைவகத்தைப் பக்கங்களாகவே பிரித்து வைத்திருக்கிறது. நாம் பயன்படுத்தும் சாதாரணக் கணினிகளில் ஒரு பக்கத்திற்கு 4096 பைட். கவைவிட்ட பின் தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பார்க்கின்றன. எந்தப் பக்கத்தில் யாரேனும் ஒருவர் எழுத முற்படுகிறாரோ, அந்தப் பக்கம் மட்டும் அந்நேரத்தில் பிரதியாகின்றது. இதனை ‘எழுதும்பொழுது படியெடுத்தல்’ என்பர்.

இனி அந்த மாணவியின் நிரலுக்கு வருவோம். சொற்பட்டியலும் நிரலின் பொதுப் பகுதிகளும் சேர்ந்து 279 மெகாபைட். அதாவது 71,424 பக்கங்கள். இவை ஒன்பது செயல்முறைகளுக்கும் பொது. ஒவ்வொரு செயல்முறையும் தான் எழுதித் தனக்கெனப் பெற்றுக்கொண்டது 21 மெகாபைட். ‘டாப்’ காட்டிய 300 என்பது இவ்விரண்டின் கூட்டுத்தொகை. இதனை ஆர்.எஸ்.எஸ். என்று அழைப்பர், இச்செயல்முறை பார்க்கக்கூடியதாக நினைவகத்தில் எவ்வளவு இருக்கின்றது என்பதே அதன் பொருள். “உங்களுக்குக் கிணறு உண்டா?” என்ற கேள்விக்கு வந்த “உண்டு” என்னும் விடையும் இதுவும் ஒன்றே. பொதுவான 279ஐ நான் ஒன்பது முறை எண்ணினேன்.

அப்படியானால் ‘பகிர்வு’ என்னும் நிரல் ஏன் 3 மெகாபைட் என்று மட்டும் காட்டியது? இவ்விடத்தைக் கவனமாகக் கேளுங்கள். விஷயம் தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடம் இது. அந்த எண்ணில் அடங்குபவை, வட்டிலுள்ள கோப்புகளிலிருந்து வந்த பக்கங்களும், பகிர்வதற்கென்றே வெளிப்படையாக ஒதுக்கப்பட்ட பக்கங்களுமே. கவைவிட்டதால் பிறப்புரிமையாக வந்து, இன்னும் பிரியாமல் பொதுவில் கிடக்கும் பக்கங்கள் அதில் எண்ணப்படுவதில்லை. பத்திரம் எழுதிப் பதிவு செய்த கூட்டுச் சொத்தை மட்டும் ‘கூட்டு’ என்று காட்டிவிட்டு, பாகப்பிரிவினையாகாத பூர்வீகச் சொத்தைத் தனிச்சொத்து என்று காட்டும் ஏடு அது. எங்கள் ஆசிரியர் அதைக் கழிக்கச் சொன்னது நியாயம்; ஆனால் கழிக்க வேண்டிய 276 மெகாபைட் அந்த ஏட்டிலேயே இல்லை.

சரியான அளவை என்ன? கிணற்றுக்குப் போவோம். நான்கு பங்காளிகளுக்கும் ஆளுக்குக் கால் கிணறு என்று எழுதினால் கூட்டுத்தொகை ஒன்றாகிவிடும். நினைவகத்திலும் அவ்வாறே. ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை செயல்முறைகள் பகிர்கின்றனவோ, அந்த எண்ணால் வகுத்து வரும் பங்கை மட்டும் ஒவ்வொன்றின் பெயரிலும் எழுதுவது. இதற்குப் பி.எஸ்.எஸ்., அதாவது விகிதப் பங்களவு என்று பெயர். மாட் மேக்கால் என்னும் லினக்ஸ் அறிஞர் வலியுறுத்திய இம்முறை 2008 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 2.6.25 பதிப்பில் இடம் பெற்றது. ‘ஸ்மெம்’ என்ற சிறு கருவியையும் அவர் எழுதி அளித்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 279ஐ ஒன்பதால் வகுக்க 31. சொந்தம் 21ஐச் சேர்க்க 52. ஒன்பது செயல்முறைகளுக்கும் சேர்த்து 468 மெகாபைட். நான் சொன்ன 2700 எங்கே, இந்த 468 எங்கே!

விகிதப் பங்களவிலும் ஒரு விசித்திரம் உண்டு. எட்டுச் சேய்களில் ஆறு தம் அத்தியாயங்களை முடித்துவிட்டு ஓய்ந்துபோயின என்று கொள்வோம். எஞ்சியவை மூன்று. 279ஐ மூன்றால் வகுக்க 93, சொந்தம் 21, மொத்தம் 114. ஆக, தான் உண்டு தன் வேலை உண்டு என்றிருந்த ஒரு செயல்முறையின் அளவு 52லிருந்து 114 ஆக ஏறிவிட்டது. அது புதிதாக ஒரு பைட்கூடக் கேட்கவில்லை. பங்காளிகள் ஊரைவிட்டுப் போனதால் அதன் பங்கு பெருத்தது, அவ்வளவே. ஆகவே, தனியொரு செயல்முறையின் விகிதப் பங்களவு ஏறுகிறதென்று கண்டவுடன் அதன்மேல் குற்றம் சாட்டிவிடலாகாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தச் செயல்முறையை நிறுத்திவிட்டால் எவ்வளவு இடம் மீளும்? இதற்கு விடை 300ம் அன்று, 52ம் அன்று, 21 மட்டுமே. ஒரு பங்காளி வெளியேறினால் கிணற்றைப் பெயர்த்தா எடுத்துப் போவார்? இந்தத் தனியுடைமை அளவை யு.எஸ்.எஸ். என்பர். கடைசியாக மிஞ்சும் ஒரே செயல்முறைக்கு மட்டும் 300 முழுவதும் தனியுடைமையாகும்.

என்னுடைய 2700க்கும் ஒரு பொருள் இருக்கத்தான் செய்கிறது. ஒன்பது செயல்முறைகளும் ஒரு பக்கம் விடாமல் எழுதித் தீர்த்துவிட்டால் ஆகக்கூடிய உச்சம் அதுவே. எழுதும்பொழுது படியெடுத்தல் என்பது கொடுத்துவிட்ட பொருளன்று, கொடுப்பதாகச் சொன்ன வாக்கு. எல்லோரும் ஒரே நாளில் வந்து வாக்கை நிறைவேற்று என்று நின்றால் நினைவகம் போதாமற் போகும். அப்பொழுது கெர்னல் ஏதேனும் ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். நான் பெற்ற விடை நான் கேளாத வேறொரு கேள்விக்கு உரியது.

இதையெல்லாம் நான் அறிந்தது ஓய்வு பெற்ற பின், 2020இல், தொற்றுக் காலத்து ஊரடங்கில். பொழுது போகாமல் பழைய தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தபொழுது அவளுடைய தாளும் நிரலின் அச்சுப்படியும் அகப்பட்டன. அந்நிரலை வரி வரியாகத் தட்டச்சு செய்து என் கணினியில் ஓட்டினேன். ‘ஸ்மெம்’ 468 என்றது. உறவினர் ஒருவர் மூலம் அவள் முகவரி பெற்று, ஏழு ஆண்டு தாமதமாக ஒரு கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது என்றும், அவள் 474 என்று அளந்தது ஏறக்குறைய சரி என்றும் எழுதினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதி முழுவதும் அந்த “ஏறக்குறைய” என்ற சொல்லைப் பற்றியது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளக் கெர்னல் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு பக்க அட்டவணை வைத்திருக்கிறது. 64 பிட் கணினியில் பக்கம் ஒன்றுக்கு 8 பைட் குறிப்பு. 300 மெகாபைட்டுக்கு 76,800 பக்கங்கள், ஆகவே சுமார் 600 கிலோபைட். ஒன்பது செயல்முறைகளுக்கு ஐந்தரை மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இது கெர்னலின் செலவாதலால் விகிதப் பங்களவில் வராது. மொத்தக் கணக்கில் மட்டும் வரும். எஞ்சிய சொற்பமும் அவ்வகைச் சில்லறைச் செலவே. “468, 474 இரண்டுமே சரி, சார்” என்று முடித்திருந்தாள். நான் அக்கணக்கைத் தாளில் மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இது ஏதோ மூலையில் கிடக்கும் விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘ஸைகோட்’ என்றொரு தாய்ச் செயல்முறை உண்டு. உயிரியலில் கருமுட்டையைக் குறிக்கும் அதே சொல். எல்லாச் செயலிகளுக்கும் வேண்டிய பொதுப் பொருள்களை அது முன்னதாகவே ஏற்றி வைத்துக்கொள்கிறது. நீங்கள் திறக்கும் செயலிகள் அதிலிருந்து கவைத்துப் பிறக்கின்றன. சிறிய நினைவகமுள்ள மலிவான கைபேசியிலும் பல செயலிகள் ஓடுவதற்கு இப்பகிர்வும் ஒரு காரணம். ஆகவேதான் ஆண்ட்ராய்டின் நினைவக அறிக்கையிலும் விகிதப் பங்களவு முக்கிய இடம் பெறுகிறது.

பைத்தான் மொழி பயிலும் மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு செய்தி. பைத்தானில் ஒரு பொருளைப் படிப்பதுகூட ஒருவகையில் எழுதுவதாகும். ஏனெனில், அப்பொருளை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கின்றனர் என்னும் எண்ணிக்கை அப்பொருளின் தலைப்பிலேயே எழுதப்படுகிறது. தொட்டால் எண் மாறும்; எண் மாறினால் பக்கம் பிரதியாகும். இன்ஸ்டகிராம் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் சேய்ச் செயல்முறைகளில் பொது நினைவகம் விரைவாகக் கரைவதைக் கண்டு ஆராய்ந்தார்கள். முதலில் இந்த எண்ணிக்கையின்மேல் ஐயுற்றார்கள். பின்னர் குப்பை திரட்டும் பகுதி பொருள்களின் தலைப்புகளைத் தொட்டுத் தொட்டு எழுதுவதே பெருங்காரணம் என்று கண்டார்கள். 2017இல் அதையே நிறுத்தி வைத்ததாக வெளியிட்டார்கள். அதன் பயனாக, கவைவிடுமுன் பொருள்களை உறையச் செய்யும் வசதி ஒன்று 2018இல் பைத்தான் 3.7 பதிப்பில் வந்தது. எண்ணிக்கை மாறாத ‘சாகாப் பொருள்கள்’ 2023இல் 3.12 பதிப்பில் வந்தன. அந்த மாணவி சி++ மொழியில் எழுதியதால் இத்தொல்லையிலிருந்து தப்பினாள். அன்று பைத்தானில் எழுதியிருந்தால் நான் சொன்ன 2700ஐ நோக்கி அவள் நிரல் ஓரளவு நடந்திருக்கவும் கூடும்.

உங்களில் லினக்ஸ் கணினி உடையோர் இன்று மாலையே பார்க்கலாம். ‘பிராக்’ என்னும் கோப்பகத்தில் ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணால் ஓர் உட்கோப்பகம் இருக்கும். அதனுள் ‘ஸ்மாப்ஸ்’ என்னும் கோப்பு பகுதி பகுதியாக விவரம் தரும். அதன் தொகுப்பு ‘ஸ்மாப்ஸ் ரோலப்’ என்னும் பெயரில் 2017 முதல் கிடைக்கிறது. பிறர் தொடங்கிய செயல்முறைகளைப் பார்க்க நிர்வாகி அனுமதி வேண்டும். முதலில் ஓர் இணைய உலாவியைத் திறந்து நாலைந்து பக்கங்களை விரித்துக்கொள்ளுங்கள். உலாவியின் செயல்முறைகள் அனைத்துக்கும் ஆர்.எஸ்.எஸ். வரிகளை ஒரு பக்கம் கூட்டுங்கள், பி.எஸ்.எஸ். வரிகளை மறுபக்கம் கூட்டுங்கள். பின்னர் ஒரு பக்கத்தை மூடிவிட்டு, மற்றவற்றின் பி.எஸ்.எஸ். எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். பென்சிலும் தாளும் அருகில் இருக்கட்டும்.